இடக்கைக் கிற்றார்

லொறி திரும்பட்டும் என்று சந்தியில் காலூன்றி நின்ற சிவரூபி, லொறியின் பின்பக்கத்திலிருந்து வந்த ஒரே ஒரு சுரத்தைக் கேட்டதும் ஸ்கூட்டியை மறுபக்கம் வெட்டினாள். பின்னால் வந்த ஓட்டோக்காரன் பிரேக்கை அமத்திவிட்டு அவளுடைய பரம்பரை முழுவதையும் சத்தமாய் விசாரித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிசகின சுரம் அது. கிற்றாரின் கழுத்தில் விரல் மேலே ஏற ஏறக் கூடுதலாய்ப் பிசகுகிற சுரம்.

லொறிக்குள் மஞ்சள் பனியன் போட்ட பெடியன்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் ட்ரம், கீபோர்ட், ஒலிபெருக்கிப் பெட்டிகள். பெட்டியொன்றில் ஏறியிருந்த ஒரு மெலிந்த பெடியன் கிற்றாரை மடியில் வைத்துச் சுருதி கூட்டுவதும், முகத்தைச் சுளிப்பதும், திரும்பக் கூட்டுவதுமாய் இருந்தான். கிற்றாரின் நிறத்தைக் காணமுன்னமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் வீட்டுக் கேட் திறக்கிற சத்தம் யாருக்குத் தெரியாது? பலா மரத்து முதுகு. துறைமுகத்துக்கு ஏதோ இயந்திரம் ஏற்றிவந்த பைன் பெட்டியை உடைத்து, அந்தப் பலகையில் இழைத்த முகம். அவள் கையால் செய்தது. இன்று விடிய சாம்பல்தீவில் காணாமல் போனது.

லொறி சீனக்குடாப் பக்கம் எடுத்தது. சிவரூபி அக்சிலேட்டரை முறுக்கினாள். கிற்றாரைத் தேடி லிங்கநகரிலிருந்த தன் கிற்றார்ப் பட்டறையிலிருந்து பாய்ந்து வந்தவளின் இடுப்பில் வேலைத்துணி அப்படியே கிடந்தது. அதன் பைக்குள் ஊசி அரமும் மரம் தேய்க்கிற மட்டத்தாளும் குலுங்கின.

விடிய வந்த செய்தி இதுதான். தம்பி சுலக்சன் போனில் எழுதியிருந்தான்: ‘அக்கா, கிற்றாரைக் காணேல்ல. ஹோட்டலுக்குச் சொல்லிவிடுங்கோ.’

அவள் எடுத்துப் பார்த்தாள். அவன் போனைத் தூக்கவில்லை. திரும்ப எடுத்தாள். கட் பண்ணிவிட்டு இன்னொரு செய்தி அனுப்பினான்: ‘பரவாயில்லை அக்கா, விடுங்கோ.’

விடுகிற ஆளா சிவரூபி?

சுலக்சன் சாம்பல்தீவில் மாமா கதிரவேலின் போட்டில் கடலுக்குப் போகிறவன். கடலுக்குப் போகாத நாளில் கிற்றார். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்கும் அவன் வாசிக்காத கல்யாண வீடு இல்லை. போன வருசம் நங்கூரக் கயிறு ஓடும்போது இடக்கையில் சுற்றி, நடுவிரலையும் மோதிர விரலையும் கொண்டு போய்விட்டது. கிற்றார்க்காரனுக்குக் கழுத்தைப் பிடிக்கிற கை அதுதான். அதோடு அவன் வாசிப்பை விட்டான். கதையையும் குறைத்துக்கொண்டான். பிறகு ஒருநாள் கட்டார் போகிறேன் என்று பாஸ்போட்டை எடுத்து நீட்டினான்.

இருக்கிறது ஒரே தம்பி. சிவரூபி உடனே பட்டறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள்.

கை மாறினால் கிற்றாரும் மாறவேண்டும். வலக்கை கழுத்தைப் பிடிக்கட்டும், இடக்கையில் மிச்சமிருக்கிற பெருவிரலும் சுட்டுவிரலும் சின்ன விரலும் தந்தியை மீட்டட்டும். இருக்கிற கிற்றாரில் தந்தியைத் தலைகீழாய்க் கட்டினால் போதாதா என்று கேட்டவர்களுக்கு அவள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. போதாது. தந்திகள் ஏறி நிற்கிற குதிரையில் ஒரு எலும்புத் துண்டு சாய்வாய் இருக்கும். தடித்த தந்திக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் தருகிற சாய்வு அது. இடக்கைக்காரனுக்கு அந்தச் சாய்வு மறுபக்கம் விழவேண்டும். முகப்பலகைக்கு அடியில் ஒட்டுகிற மெல்லிய சட்டங்களும் இடம் மாறவேண்டும். கண்ணாடியில் பார்க்கிற உருவம் மாதிரி, எல்லாமே மறுபக்கம்.

அப்படித்தான் செய்தாள். உப்புவெளியில் ஒரு ஹோட்டல் மனேஜர் பின்னேரங்களில் கிற்றார் வாசிக்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, அவரையும் போய்ப் பிடித்தாள். இன்றைக்கு நாலு மணிக்கு வந்து வாசித்துக் காட்டட்டும் என்றார் அவர். கட்டாருக்கு ஆள் ஏற்றுகிற வானும் இன்று பின்னேரம்தான் கொழும்புக்குப் போகிறது.

“ஹோட்டல் சரிவந்தா நிண்டுடுவியா?” என்று கேட்டிருந்தாள்.

“ஓம்,” என்றான் சுலக்சன். கன நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னான். ஆனால் சொன்னான்.

இப்போது அந்த ‘ஓம்’ ஒரு மஞ்சள் பனியன்காரனின் மடியில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையடியில் லொறி நின்றது. பெடியன்கள் குதித்து இறங்கினார்கள். சிவரூபி ஸ்கூட்டியை லொறியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே விட்டுத் திறப்பை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“என்னக்கா, ரோட்டை விலைக்கு வாங்கிட்டீங்களா?” என்றார் சாரதி றிஸ்வி.

“உங்கட லொறியில ஒரு களவுச் சாமான் இருக்கு.”

“எங்கட லொறியில எல்லாமே இரவல் சாமான். நீங்க எதைச் சொல்றீங்க?”

அவள் மெலிந்த பெடியனுக்கு நேராய் விரலை நீட்டினாள். கிற்றாரோடு இறங்கியவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பெயர் அப்ராஸ். கிண்ணியாவில் இன்றைக்குக் கிரிக்கெட் இறுதிப் போட்டியாம். கப் எடுக்கிற ஊருக்குப் பாட்டுப் போட இந்த இசைக்குழு போகிறதாம்.

“வல்லாஹி நான் களவெடுக்கல்லக்கா. சும்மா கிடைச்சது.”

“கிற்றார் ஆருக்கும் சும்மா கிடைக்குமா தம்பி?”

“அதுதான் நானும் கேட்டன். காசு வேணாம், கொண்டு போ எண்டு தந்தாரு. அதுவும் தந்தியெல்லாம் தலைகீழாக் கிடந்திச்சு. ஆரோ விசர் பிடிச்சவன் கட்டியிருக்கான். நான் எல்லாத்தையும் கழட்டிச் சரியாப் போட்டன்.”

“அந்த விசர் பிடிச்சவள் நான்தான்.”

தேத்தண்ணியோடு நின்றவர்கள் சிரித்தார்கள். அப்ராஸ் சிரிக்கவில்லை. “உங்கட எண்டதுக்கு என்ன சாட்சி?”

நியாயமான கேள்வி. சிவரூபிக்கு நியாயம் பார்க்க நேரம் இருக்கவில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள்.

“கழுத்தில நடுவில பிடிச்சு ஒருக்கா வாசிங்க.”

அவன் வாசித்தான். தடித்த தந்தி சுருதிக்கு மேலே ஏறி நின்றது, மெல்லிய தந்தி கீழே இறங்கி நின்றது. றிஸ்விகூட உதட்டைப் பிதுக்கினார்.

“விடிய இருந்து கூட்டிறன், அடங்குதே இல்லை,” என்று ஒத்துக்கொண்டான் அப்ராஸ்.

“ஒரு நாளும் அடங்காது. குதிரையில இருக்கிற எலும்பைப் பாருங்க, எந்தப் பக்கம் சாயுது? இப்ப உங்கட போனைக் கமராவில போட்டு, லைட்டை எரிய விட்டு, ஓட்டைக்குள்ள விட்டு ஒரு படம் எடுங்க. முகப்பலகைக்குக் கீழ ஒரு சட்டம் மட்டும் தடிப்பா இருக்கும். அது மெல்லிய தந்திப் பக்கம் இருந்தா கிற்றார் என்ர. தடித்த தந்திப் பக்கம் இருந்தா உங்கட. நான் பேசாமப் போறன்.”

போன் கிற்றாரின் வயிற்றுக்குள் போனது. மஞ்சள் பனியன்கள் எல்லாம் சுற்றி வளைத்துக்கொண்டன. படம் வெளியே வந்தது. அப்ராஸ் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான், கிற்றாரைப் பார்த்தான், திரும்பவும் படத்தைப் பார்த்தான்.

“மெல்லிய தந்திப் பக்கம்தான்,” என்றான். “அப்ப நான் விடிய இருந்து ஆர்ர கையால வாசிச்சிக்கொண்டிருந்தனான்?”

“என்ர தம்பியின்ர கையால. அவருக்கு இண்டைக்கு நாலு மணிக்கு இது வேணும். ஆர் உங்களுக்குத் தந்தது?”

அப்ராஸ் போனைப் பைக்குள் வைத்தான். பிறகு சொன்னான். “ஜதுர்சன் அண்ணன்.”

அவள் நினைத்த ஆள்தான். ஜதுர்சன், சுலக்சனின் சிநேகிதன். கட்டார் வானுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவனும் அவன்தான். சிவரூபி கையில் போனை எடுத்தாள்.

“சொல்லுங்கோ அக்கா,” என்றது ஜதுர்சனின் குரல், ஏதோ எதிர்பார்த்திருந்தது போல.

“என்ர தம்பி வானில ஏறினாத்தான் உனக்கு அடுப்பு எரியுமா?”

“அக்கா, நான் களவெடுத்தனான் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.”

“பிறகு கிற்றார் தானா நடந்து கிண்ணியாவுக்கு வந்ததா?”

“கேக்கவேண்டிய ஆளிட்டக் கேளுங்கோ. என்னட்டக் கேக்காதேங்கோ.”

“உன்னை நான் நேரில கேக்கிறன்,” என்று போனை அமத்தினாள். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தது கேட்டது. கேட்டுக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை.

கிற்றாரை வாங்கித் திருப்பியவள் அப்போதுதான் தலைப்பக்கத்தைப் பார்த்தாள்.

கழுத்தின் உச்சியில் ஆறு தந்தியும் இறங்கி உட்காருகிற சின்ன எலும்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு தந்தியின் தடிப்புக்கும் அளவாய் அதில் வெட்டுகள் இருக்கும். மெல்லிய தந்திக்கு அவள் மயிரிழை மாதிரி வெட்டியிருந்த வெட்டுகள் இப்போது வாய்க்கால் மாதிரித் திறந்து கிடந்தன.

“இதை என்ன செய்தனீங்க?”

“தடிச்ச தந்தி இறங்கல்லக்கா. வாப்பாட அரத்தால கொஞ்சம் ராவினன்.”

“வாப்பா என்ன வேலை?”

“போட் எஞ்சின் திருத்திறவர்.”

சிவரூபி கண்ணை மூடித் திறந்தாள். தந்தியை மாற்றிக் கட்டினால் மட்டும் போதாது இனி. அகலமான வெட்டுக்குள் மெல்லிய தந்தி போனால் மூடி கழன்ற போத்தல் மாதிரிக் கிலுங்கும். பட்டறைக்குப் போய்ப் புது எலும்பு வெட்ட நேரம் இல்லை. நாலு மணிக்கு அந்த மனேஜர் கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர். கட்டார் வானும் காத்து நிற்காது.

அவள் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பம் அடுக்கியிருந்தது.

“அப்பச் சோடா கொஞ்சம் தருவீங்களா?”

கடைக்காரப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “பிள்ளைக்கு வயித்துக்குள்ள ஏதும் செய்யுதா?” என்று கேட்டாள்.

“வயித்துக்குள்ள இல்லை. கிற்றாருக்கு. சுப்பர் குளூவும் ஒண்டு தாங்க.”

லொறியின் பின்கதவை இறக்கி அதையே மேசையாக்கினாள். அப்ராஸ் தந்திகளைக் கழற்றினான். அவள் அகன்ற வெட்டுக்குள் அப்பச் சோடாவை நகத்தால் அள்ளி நிரப்பி, அதன்மேல் சுப்பர் குளூவை ஒரு பொட்டு விட்டாள். மெல்லியதாய் ஒரு புகை எழுந்து மூக்கை அரித்தது. கண்மூடித் திறக்க முன் அந்தத் தூள் கல்லாய் இறுகிவிட்டது. அடுத்த வெட்டு. அதற்கடுத்தது.

“இதை முதலே சொல்லியிருந்தா எங்கட வீட்டுக் கூரை ஒழுக்கையும் அடைச்சிருப்பன்,” என்றான் அப்ராஸ்.

“கதையைக் குறைச்சுக் கழுத்தைப் பிடிங்க. ஆட விடாதேங்க.”

ஊசி அரத்தால் புது வெட்டு எடுத்தாள். ராவ வேண்டிய வேகம் ஒன்று, அவளுக்குள் ஓடுகிற வேகம் இன்னொன்று. ஒரு இழை கூடினால் தந்தி ஆழ இறங்கிக் கழுத்தில் உரசும். கை அவசரப்பட்டது. அரத்தை வைத்துவிட்டு விரல்களை உதறினாள். திரும்ப எடுத்தாள். பாலத்தில் பஸ்கள் போகும்போதெல்லாம் லொறி நடுங்கியது, அப்போது அரத்தை உயர்த்திப் பிடித்தாள். றிஸ்வி ஹோர்ண் அடித்து, போட்டி தொடங்கப் போகுது என்றார். அவள் நிமிரவில்லை.

ஆறு தந்தியும் தன் தன் இடத்துக்கு, மறுபக்கமாய், திரும்பி வந்தன. அவள் சுருதி கூட்டி ஒரு தடவை மீட்டினாள். பாலத்தடியில் அந்தச் சத்தம் தனியாய்க் கேட்டது. கடைக்குள்ளிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“இப்படியா இது கதைக்கும்?” என்றான் அப்ராஸ். முகம் சுருங்கிவிட்டது. “நான் என்னத்தை வாசிக்கிற இண்டைக்கு?”

“உங்களுக்கு ஒண்டு செய்து தாறன். வலக்கைக்கு. இண்டைக்குக் கைதட்டிச் சமாளிங்க.”

“கப் எடுத்தா அவங்களே தட்டுவாங்க. தோத்தா எங்களுக்குத்தான் தட்டு விழும்,” என்றபடி தன்னுடைய தோள்வாரைக் கழற்றிக் கிற்றாரில் மாட்டி, அதை அவள் முதுகில் ஏற்றிவிட்டான். “கெதியாப் போங்கக்கா. தம்பி காத்துக்கொண்டிருப்பாரு.”

ஹோட்டல் கேட்டடிக்கு வா என்று தம்பிக்கு ஒரு செய்தி போட்டுவிட்டு, வந்த வழியெல்லாம் திரும்ப ஓடினாள். வெள்ளைமணல், சீனக்குடா, பாலையூற்று. நகரத்துக்குள் பள்ளிக்கூடம் விட்ட நெரிசல். சைக்கிள்களுக்கு நடுவில் ஸ்கூட்டியின் மூக்கை நுழைத்து நுழைத்து எடுத்தாள். குழியில் விழும்போதெல்லாம் முதுகில் கிற்றார் ‘ம்ம்’ என்று முனகியது. சிவரூபியின் தலைக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அவன் உள்ளே போவான், வாசிப்பான், மனேஜர் தலையாட்டுவார், வான் ஒரு ஆள் குறையப் போகும். அந்தப் பேச்சு முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது.

உப்புவெளி ஹோட்டல் கேட்டடியில் வெள்ளை வான் கதவைத் திறந்தபடி நின்றது. ஜதுர்சன் அதில் சாய்ந்து கச்சான் கொறித்துக்கொண்டிருந்தான். மதிற்கரை நிழலில், புதுச் சேட்டும் தோள்பையுமாய் சுலக்சன்.

“பிடி,” என்று கிற்றாரை அவன் கையில் திணித்தாள். “உள்ள அந்த மனிசன் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

சுலக்சன் கிற்றாரைப் பார்த்தான். தொலைத்ததைத் திரும்பப் பெற்ற ஆளின் பார்வை இல்லை அது. திரும்பி வந்துவிட்டதே என்கிற பார்வை.

“எங்க எடுத்தனீங்க?”

“கிண்ணியாவில. உன்ர சிநேகிதன் தானம் பண்ணியிருக்கிறான். உவனோட எனக்கு ஒரு கதை இருக்கு, அது பிறகு.”

ஜதுர்சன் கச்சான் சுற்றின கடதாசிச் சரையைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வானுக்கு மறுபக்கம் போய் நின்றான்.

“அவனைப் பேசாதேங்கோ அக்கா,” என்றான் சுலக்சன். “நான்தான் குடுக்கச் சொன்னனான்.”

கேட்டடியில் காவல் நின்றவர் கதையைக் கேட்காதவர் மாதிரி வானத்தைப் பார்த்தார். சிவரூபிக்கு வாயில் எல்லாம் ஒன்றாய் வந்தது.

“காணேல்ல எண்டு எழுதினனி. நான் விடிய இருந்து நாய் மாதிரி ஓடுறன். போறதெண்டா போறன் எண்டு சொல்லியிருக்கலாமே. கை ஏலாதா? போன கிழமையும் பாத்தனான்தானே, உன்ர கை நல்லா ஓடுது.”

“கை ஓடுது.”

“அப்ப? ஹோட்டலில வாசிக்க வெக்கமா? கட்டாரில ஆர் உனக்கு மாலையோட நிக்கிறது?”

“அங்க ஒரு பெக்டரி அக்கா. முழு நாளும் மிசின் இரையுமாம். எனக்கு அது போதும்.”

“நான் மறிக்கேல்ல,” என்றாள். மதிற்கட்டைக் காட்டினாள். “ஒருக்கா வாசி. இதில இருந்து, எனக்கு. வாசிச்சிட்டுப் போ.”

அவன் மதிற்கட்டில் உட்கார்ந்தான். கிற்றாரைத் தொடையில் வைத்தான். வலக்கை விரல்கள் கழுத்தில் தன் தன் இடத்தில் போய்ப் பதிந்தன, பிறவியிலேயே அந்தக் கைதான் பிடித்தது மாதிரி. இடக்கைப் பெருவிரல் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தது.

சிவரூபி பல்லைக் கடித்தாள். இவ்வளவு குழிக்குள்ளாலும் வந்ததில் இரண்டாவது தந்தி இறங்கிப் போயிருந்தது. முதலாவதும் கொஞ்சம். புதிதாய்க் கட்டின தந்தி அப்படித்தான். காவற்காரர்கூட முகத்தைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்கு அலங்கோலமான சத்தம். இப்போது இவன் நிறுத்துவான், கை தானாய்த் தந்தியை இறுக்குகிற முறுக்காணிக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். கடல் இரைச்சலுக்குள் போட்டில் இருந்தே சுருதி கூட்டுகிறவன் அவன்.

சுலக்சன் நிறுத்தவில்லை.

தொடர்ந்து வாசித்தான். ஒரு விரல் தப்பவில்லை. பெருவிரல் தாளம் பிசகவில்லை. ஒவ்வொரு மாற்றமும் கச்சிதமாய் விழுந்தது, ஒவ்வொன்றும் கிழிந்த சத்தமாய் வெளியே வந்தது. அவனுடைய கண் தந்தியிலும் இல்லை, கழுத்திலும் இல்லை. அக்காவின் முகத்தில் இருந்தது. சோதனைத் தாளைக் கொடுத்துவிட்டு, திருத்துகிற ரீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் பார்வை.

“சுலக்சன்,” என்றாள். “ரெண்டாவது தந்தியைப் பார்.”

அவன் கை முறுக்காணிக்குப் போனது. பிடித்தது. திருப்பாமல் அப்படியே நின்றது.

“ஏத்திறதா அக்கா, இறக்கிறதா?”

கேள்வி அவளுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. அவள் போய் அவனுக்குப் பக்கத்தில் மதிற்கட்டில் இருந்தாள்.

சுலக்சன் கிற்றாரை மடியிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தான்.

“அது நங்கூரக் கயிறில்லை, அக்கா. ஆரோ மீனுக்கு எறிஞ்ச வெடி, வெடிக்காமக் கிடந்தது, வலையோட ஏறினது. திரும்பக் கடலுக்க எறியத்தான் எடுத்தனான். கையை ஓங்க, காதுக்குப் பக்கத்தில வெடிச்சது. வெடி எண்டு தெரிஞ்சா, நாங்கள்தான் வெடி போட்டு மீன் பிடிச்சம் எண்டு நேவிக்காரர் மாமாவின்ர போட்டைக் கொண்டு போயிடுவாங்கள் எண்டு பயந்து, கயிறு எண்டு எல்லாருக்கும் சொன்னனாங்கள். நீங்க விரலைப் பாத்திட்டு, விரலுக்கு ஏத்த மாதிரி இதைச் செய்து கொண்டு வந்து தந்தனீங்க. உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறது?”

ஜதுர்சன் வானின் கதவை மெதுவாய்ச் சாத்தினான்.

“ஆக்கள் கதைக்கிறது விளங்குது,” என்றான் சுலக்சன். “தந்தி விளங்கேல்ல. அண்டையில இருந்து ஆறும் எனக்கு ஒரே தகரச் சத்தம்தான், அக்கா.”